அற்புத மருந்து விளம்பரங்கள்: புகார், வழக்கு, இழப்பீடு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரையை வேரோடு அறுக்கும் பொடி, தேய்ந்த மூட்டை வளர வைக்கும் தைலம், கல்லைக் கரைக்கும் கஷாயம். இவற்றை வாங்கி ஏமாந்தவர்களும், வீட்டில் யாராவது வாங்கிவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்களும் எங்கள் நுகர்வோர் குழுவைத் தேடி வருகிறார்கள். சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டுவிட்டேன். சொல்லியிருப்பது இந்தியச் சட்டம். மற்ற நாடுகளில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது.

1. தினமும் டிவியில வருது. கவர்ன்மென்ட் அனுமதி இல்லாமலா இவ்வளவு தைரியமா போடுவாங்க?

அனுமதி இல்லாமல்தான் போடுகிறார்கள். திரைப்படத்துக்குத் தணிக்கைக் குழு இருப்பதுபோல ஒவ்வொரு விளம்பரத்தையும் முன்கூட்டியே பார்த்து முத்திரை குத்தும் அலுவலகம் எதுவும் கிடையாது. விளம்பரதாரர் சுய உறுதிமொழி கொடுத்துவிட்டுத்தான் ஒளிபரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் உத்தரவிட்டது. ஆனால் உறுதிமொழி கொடுப்பவர் விற்கிறவர்தான்.

உள்ளூர் கேபிள் சேனலில் அரை மணி நேரம் ஓடும் 'மருத்துவ நிகழ்ச்சி' பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கிய நேரம். போனில் அழைத்து "ஐயா, மூணே வாரத்துல குணமாயிட்டேன்" என்கிறவரும் அந்த ஏற்பாட்டில் வந்தவராக இருக்கலாம். அற்புத சக்தியோ அமானுஷ்ய குணமோ பொருளுக்கு இருப்பதாக நினைக்கவைக்கும் விளம்பரம் கூடாது என்று 1994-ஆம் ஆண்டு கேபிள் தொலைக்காட்சி விதிகளே சொல்கின்றன. அதை யாரும் சேனலுக்கு எழுதிக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

2. எந்தெந்த நோய்க்கு விளம்பரமே பண்ணக்கூடாது?

1954-இல் வந்த மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தின் கடைசியில் 54 இனங்கள் கொண்ட பட்டியல் இருக்கிறது. சர்க்கரை நோய், புற்றுநோய், ரத்த அழுத்தம், இதய நோய், பக்கவாதம், வலிப்பு, கண்புரை, காசநோய், சிறுநீரகக் கல், மூட்டுவாதம், வெண்புள்ளி, உடல் பருமன், பெண்களின் மலட்டுத்தன்மை எல்லாம் அதில் உண்டு. ஆளின் உயரம், பெண்களின் மார்பக அமைப்பு ஆகியவையும் உண்டு. இவற்றைக் குணப்படுத்தும், குறைக்கும், வராமல் தடுக்கும் என்று எந்த மருந்துக்கும் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக்கூடாது. பாலுறவுத் திறனைக் கூட்டும் என்பதும், கருக்கலைப்புக்கு உதவும் என்பதும் சட்டத்தின் 3-ஆம் பிரிவிலேயே தனியாகத் தடை செய்யப்பட்டிருக்கின்றன. பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் பார்க்கும் நோட்டீஸ்களில் முக்கால்வாசி இந்தப் பிரிவில் விழும்.

விளம்பரம் என்பதற்கு அந்தச் சட்டம் தரும் பொருள் மிகவும் அகலமானது. நோட்டீஸ், சுற்றறிக்கை, பாட்டில் லேபிள், மேலுறை, வாயால் அறிவிப்பது, ஒளி, ஒலி, புகை மூலம் தெரிவிப்பது வரை எல்லாம் அடங்கும். 1954-இல் எழுதியவர்கள் வாட்ஸ்அப்பைப் பார்த்ததில்லை. ஆனால் ஒளியும் ஒலியும் என்று எழுதிவைத்ததில் அதுவும் வந்துவிடுகிறது.

3. மருந்து நிஜமாவே வேலை செஞ்சா? அப்பவும் தப்பா?

தப்புதான். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்க நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது படித்துவிடுங்கள். பட்டியலில் உள்ள நோய்க்கு விளம்பரம் செய்வதே குற்றம். மருந்து பலிக்கவில்லை என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. ஆய்வகத்துக்கு அனுப்பத் தேவையில்லை. நீங்கள் குடித்துப் பார்த்திருக்கவும் தேவையில்லை. "சர்க்கரைக்கு இது மருந்து" என்ற வாசகம் இருக்கிறதா, அதை வெளியிட்டது யார் என்பதே முதல் கேள்வி. சுய வைத்தியத்தில் மக்கள் உயிரை விடக்கூடாது என்பதற்காகப் போட்ட தடை இது. வருகிறவர்களில் பலர் மருந்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். பிடிக்க வேண்டியது விளம்பரத்தை.

பேச்சுரிமை பறிபோகிறது என்று மருந்துத் தயாரிப்பாளர்கள் அப்போதே வழக்குப் போட்டார்கள். ஹம்தர்த் தவாகானா வழக்கில் 1959 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தடை செய்யப்பட்ட மருந்துகளை விற்பதற்கான வணிக விளம்பரம் பேச்சுரிமையின் கீழ் வராது என்றது. நோய்களைச் சேர்க்க அரசுக்குக் கொடுத்திருந்த வரையறையற்ற அதிகாரத்தையும், பறிமுதல் அதிகாரத்தையும் மட்டும் நீக்கியது. 1963-இல் சட்டம் அதற்கேற்பத் திருத்தப்பட்டது.

4. மூலம், முடி கொட்டுறது இதெல்லாம் லிஸ்ட்ல இருக்கா?

இல்லை. 1954 பட்டியலில் மூலமும் கிடையாது, முடி உதிர்வும் கிடையாது. அதனால் இவற்றுக்கு 3-ஆம் கேள்வியில் சொன்ன சலுகை கிடைக்காது. அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி, மருந்தைப் பற்றிப் பொய்யான அல்லது தவறான எண்ணம் தரும் விளம்பரம் என்று காட்ட வேண்டும். "எது பொய், எப்படிப் பொய்" என்று புகாரிலேயே சொல்லாவிட்டால் வழக்கு பாதியில் நின்றுவிடும்.

5. பாக்கெட்ல 'ஆயுஷ் அங்கீகாரம்', லைசென்ஸ் நம்பர், ஜி.எம்.பி. எல்லாம் போட்டிருக்கே?

ஆயுஷ் அமைச்சகம் எந்தத் தனிப் பொருளுக்கும் ஒப்புதல் முத்திரை தருவதில்லை. உற்பத்தி உரிமம் கொடுப்பது அந்தந்த மாநில உரிம அதிகாரி. தமிழ்நாட்டில் சித்தா, ஆயுர்வேத, யுனானி மருந்துகளுக்கான அந்த அலுவலகம் சென்னை அரும்பாக்கத்தில் இருக்கிறது. ஜி.எம்.பி. என்பது தயாரிக்கும் இடம் ஒழுங்காக இருக்கிறது என்பதற்கான சான்று. மருந்து நோயைத் தீர்க்கும் என்று அது எங்கும் சொல்லவில்லை.

பழைய மருத்துவ நூலில் உள்ள செய்முறைப்படி செய்த மருந்தென்றால், உரிமம் வாங்கப் புதிதாக நோயாளிகளிடம் சோதித்துக் காட்ட வேண்டியதும் இல்லை. ஆகவே உரிம எண் உண்மையாகவே இருக்கலாம், அதற்கு மேலே அச்சிட்டிருக்கும் வாசகம் சட்டவிரோதமாகவும் இருக்கலாம். புகாரில் அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். யார் தயாரிப்பாளர் என்று கண்டுபிடிக்க அதுதான் உதவும்.

6. இது மருந்தே இல்ல சார், ஃபுட் சப்ளிமென்ட்னு கடைக்காரர் சொல்றார்.

இப்போது அதிகம் பார்க்கும் தந்திரம் இது. உணவு என்று பதிந்துவிட்டால் மருந்துக் கட்டுப்பாட்டுக்காரர்கள் வரமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் உரிமத்தின் 14 இலக்க எண்ணைப் பெரிதாகப் போட்டு, பக்கத்திலேயே "சர்க்கரைக்கு விடை" என்று எழுதுவார்கள். ஊட்டச்சத்துத் துணைப்பொருள் என்றால் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகம் லேபிளில் இருந்தே ஆக வேண்டும். பொடி எழுத்தில் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஒரே டப்பாவில் இரண்டு வாக்குமூலம்!

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம் 2006-இன் 53-ஆம் பிரிவின்படி, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். இதற்குச் சிறை கிடையாது. மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். நோயைத் தீர்க்கும் என்று சொல்லி விற்றால் அது மருந்தாகவே கருதப்பட வேண்டும் என்று மருந்து ஆய்வாளருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

7. இயற்கை மூலிகைதானே, பலிக்கலைன்னா பணம் போச்சு. வேற என்ன ஆகிடும்?

மூலிகை மட்டும்தான் உள்ளே இருக்கிறது என்பது உங்கள் நம்பிக்கை. மூட்டுவலிப் பொடியில் ஸ்டீராய்டு, சர்க்கரைப் பொடியில் ஆங்கில மருத்துவத்தின் சர்க்கரை மாத்திரை, 'ஆண்மை' லேகியத்தில் சில்டெனாஃபில் (வயாக்ராவில் இருக்கும் மருந்து) என்று கலந்து விற்றது பல நாடுகளில் ஆய்வகச் சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு அப்படித்தான் வேலை செய்யும். பிறகு எலும்பு, ரத்தச் சர்க்கரை, கண் என்று ஒவ்வொன்றாக அடிவாங்கும்.

முகப்பூச்சும் விதிவிலக்கல்ல. கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை சவ்வுச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைச் சிறுநீரக மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அந்த நோயின் அரிதான வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். க்ரீமில் இருந்தது பாதரசம்.

8. தாயத்து, மந்திரிச்ச கயிறு விக்கிறவங்களையும் இதுல பிடிக்க முடியுமா?

முடியும். தாயத்து, மந்திரம், கவசம் போன்றவற்றுக்கு நோய் தீர்க்கும் அற்புத சக்தி இருப்பதாக விளம்பரம் செய்வதை 5-ஆம் பிரிவு தடுக்கிறது. வீட்டில் கட்டிக்கொள்வதையோ நம்புவதையோ சட்டம் தொடவில்லை.

9. சரி, புகாரை யார்கிட்ட கொடுக்கணும்? போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனா 'இது எங்க வேலை இல்ல'ங்கிறாங்க.

1954 சட்டக் குற்றங்கள் 9ஏ பிரிவின்படி காவல்துறை தானே வழக்குப் பதியக்கூடியவை. ஆகவே 'எங்கள் வேலை இல்லை' என்பது சரியல்ல. ஆனாலும் நடைமுறையில் விரைவான வழி வேறு. ஆங்கில மருந்து என்றால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உங்கள் பகுதி ஆய்வாளர். சித்தா, ஆயுர்வேதம் என்றால் 5-இல் சொன்ன அரும்பாக்கம் அலுவலகம். 2025 மே மாதம் தொடங்கிய 'ஆயுஷ் சுரக்ஷா' இணையதளத்திலும் பதியலாம். கேபிள் சேனலில் வந்தால் மாவட்ட ஆட்சியருக்கும் எழுதுங்கள். கேபிள் சட்டத்தில் அவர் அதிகாரம் பெற்ற அலுவலர்.

இன்னொரு பாதை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. அதன் கீழ் 2020 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வந்தது. விளம்பரத்தை நிறுத்தச் சொல்லவும், முதல் முறை 10 லட்சம், மறுபடி செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடவும் அதற்கு அதிகாரம் உண்டு. டெல்லிக்கு அலைய வேண்டாம்; மாவட்ட ஆட்சியரிடமே மனு கொடுக்கலாம், இல்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம்.

பணம் பறித்து ஏமாற்றினார்கள் என்றால் அது தனி மோசடிக் குற்றம், பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 318-ஆம் பிரிவு. அதற்குக் காவல் நிலையம்தான். 2020 மே மாதம் கொரோனாவுக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாகக் காணொளி போட்ட ஒருவரைச் சென்னைக் காவல்துறை கைது செய்தது. இந்திய மருத்துவத் துறை இயக்குநரகம் கொடுத்த புகாரின் பேரில் நடந்த கைது அது. துறை எழுதிக் கொடுத்தால் காவல்துறை நகர்கிறது.

10. என்னென்ன ஆதாரம் எடுத்து வைக்கணும்?

முதலில் விளம்பரம். நாளிதழ் என்றால் முழுப் பக்கத்தை வையுங்கள், தேதி தெரியவேண்டும். டிவி என்றால் சேனல் முத்திரையும் நேரமும் தெரியும்படி செல்போனில் பதிவு. யூடியூப், இன்ஸ்டாகிராம் என்றால் திரைப்பிடிப்பு மட்டும் போதாது. இணைப்பு முகவரியையும் எழுதிவைத்து, காணொளியையும் சேமியுங்கள். புகார் போனது தெரிந்ததும் முதலில் மறைவது அதுதான்.

வாங்கியிருந்தால் பில், பணம் அனுப்பிய விவரம், பார்சலின் வெளி உறை. உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு வருகிறவர்களே அதிகம். அனுப்பியவர் முகவரி அதில்தான் இருக்கும். மீதி மருந்தைக் கொட்டிவிடாதீர்கள். ஆலோசகர் என்று பேசிய பெண்ணிடம் "இன்சுலினை நிறுத்தலாமா?" என்று கேட்டு, அவர் சொன்ன பதில் வாட்ஸ்அப்பில் இருந்தால் அது தங்கம்.

தேதி ஏன் முக்கியம் என்றால், 1954 சட்டத்தில் தண்டனை சிறியது. ஓராண்டுக்கு மேற்படாத சிறைத்தண்டனை உள்ள குற்றத்தை, நடந்த ஓராண்டுக்குள் வழக்காகப் பதிய வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறை விதி. அலுவலகத்தில் கோப்பு தூங்கும் காலமும் சேர்த்துத்தான் அந்த ஓராண்டு. விளம்பரம் பார்த்த வாரமே எழுதுங்கள்.

11. கேஸெல்லாம் வேண்டாம். என் பணம் திரும்பக் கிடைச்சா போதும்.

9-இல் சொன்ன வழிகள் பெரும்பாலும் உங்கள் பணத்தைத் திருப்பித் தராது. அபராதம் அரசுக்குப் போகும். பணமும் இழப்பீடும் வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கம்பெனி ஹரித்வாரில் இருந்தாலும் சரி, இந்தூரில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. 'இ-ஜாக்ரிதி' தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். அதற்கு முன் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புவது நல்லது. பல பேருக்கு அந்த இடத்திலேயே பணம் வந்துவிடுகிறது.

12. நான் வாங்கவே இல்ல. புகார் கொடுக்க எனக்கு உரிமை இருக்கா?

இழப்பீடு கேட்க முடியாது. 9-இல் உள்ள புகார்கள் எல்லாவற்றையும் கொடுக்கலாம். காரணம் 3-ஆம் கேள்வியில் இருக்கிறது: குற்றம் விளம்பரத்தில் முடிந்துவிட்டது, விற்பனை நடந்திருக்க வேண்டியதில்லை.

13. விளம்பரத்துல நடிச்ச நடிகர் மேல, யூடியூபர் மேல நடவடிக்கை எடுக்க முடியுமா?

2019 நுகர்வோர் சட்டத்தின்படி பரிந்துரைப்பவருக்கும் அதே அபராதம் உண்டு. ஓராண்டு வரை எந்தப் பொருளையும் பரிந்துரைக்கக்கூடாது என்று தடையும் போடலாம். மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை. உரிய அக்கறையோடு விசாரித்துத்தான் நடித்தேன் என்று காட்டினால் தப்பலாம். திருச்சூர் நுகர்வோர் ஆணையம் ஒரு கூந்தல் க்ரீம் வழக்கில் தயாரிப்பாளருக்கும் விளம்பரத்தில் வந்த நடிகருக்கும் தலா 10,000 ரூபாய் விதித்தது. தொகை சிறியதுதான். ஆனால் 'காசு கொடுத்தாங்க, பேசினேன்' என்ற சமாதானம் அங்கே எடுபடவில்லை.

உடல்நலம் பற்றிப் பேசும் சமூக ஊடகப் பிரபலங்களுக்கு 2023 ஆகஸ்டில் தனி வழிகாட்டுதல் வந்தது. மருத்துவர், நிபுணர் என்று தன்னைக் காட்டிக்கொள்கிறவர் தன் தகுதியைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் தங்கள் பேச்சு மருத்துவ ஆலோசனை அல்ல என்று தெளிவாக்க வேண்டும்.

14. கீழே பொடி எழுத்துல 'பலன் ஆளுக்கு ஆள் மாறும்'னு போட்டிருக்கான். தப்பிச்சுடுவானா?

தப்ப முடியாது. பொறுப்புத்துறப்பு வாசகம் மேலே சொன்னதை விளக்கலாமே தவிர அதற்கு முரணாக இருக்கக்கூடாது, விளம்பரம் எந்த மொழியிலோ அதே மொழியில் இருக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 ஜூன் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. தமிழ் விளம்பரத்தில் ஆங்கிலப் பொடி எழுத்தைப் பார்த்தால் அதையும் புகாரில் தனி வரியாகச் சேருங்கள்.

15. பதஞ்சலி கேஸ்ல என்னதான் ஆச்சு? மன்னிப்பு கேட்டு முடிஞ்சிடுச்சா?

ஏறக்குறைய அப்படித்தான். 2022 ஜூலையில் அலோபதியைச் சாடி அந்த நிறுவனம் நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்தது. இந்திய மருத்துவச் சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. 2023 நவம்பரில் நீதிமன்றம், பொய்யான விளம்பரம் தொடர்ந்தால் பொருளுக்கு ஒரு கோடி அபராதம் விதிப்போம் என்று எச்சரித்தது. இனிச் செய்யமாட்டோம் என்று நிறுவனத்தின் தரப்பில் உறுதி தரப்பட்டது. விளம்பரங்கள் தொடர்ந்தன. 2024 பிப்ரவரியில் நீதிமன்ற அவமதிப்பு நோட்டீஸ். நிறுவனத்தை நடத்தும் ராம்தேவும் பாலகிருஷ்ணாவும் நேரில் நின்றார்கள். முதல் மன்னிப்பை ஏற்க மறுத்த நீதிபதிகள், நாளிதழில் வந்த மன்னிப்பு உங்கள் விளம்பரம் அளவுக்குப் பெரிதாக இருக்கிறதா என்று கேட்டார்கள். மறுபடி பெரிதாக வெளியிட்டார்கள். 2024 ஆகஸ்டில் அவமதிப்பு வழக்கு மூடப்பட்டது. அதில் யாரும் சிறை செல்லவில்லை.

ஆனால் மன்னிப்புக் கதையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்த உத்தராகண்ட் அதிகாரிகள் வாங்கிய திட்டு. புகார்கள் வந்தும் எச்சரிக்கைக் கடிதங்களோடு நிறுத்திக்கொண்டவர்கள் அவர்கள். 2025 மார்ச்சில் அதே வழக்கில் எல்லா மாநிலங்களும் இத்தகைய விளம்பரங்களுக்குப் புகார் அமைப்பு ஏற்படுத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. 2025 ஆகஸ்டில் மூல வழக்கும் முடித்துவைக்கப்பட்டது.

இடையே இன்னொன்றும் நடந்தது. ஆயுர்வேத, சித்த மருந்து விளம்பரத்துக்கு முன் அனுமதி எண் வாங்க வேண்டும் என்று மருந்து விதிகளில் 2018-இல் வந்த 170-ஆம் விதியை, வழக்கு நடக்கும்போதே 2024 ஜூலையில் மத்திய அரசு நீக்கியது. அடுத்த மாதமே நீதிமன்றம் அந்த நீக்கத்துக்குத் தடை போட்டது; 2025 ஆகஸ்டில் வழக்கை முடித்தபோது அந்தத் தடையையும் விலக்கிவிட்டது. இந்த விதியைச் சுற்றி நிறைய வாதம் ஓடுகிறது. உங்கள் புகாருக்கு அது தேவையில்லை; 1954 சட்டம் அதை நம்பி இல்லை.

16. ஆறு மாசம் ஜெயில்னா எவன் பயப்படுவான்?

நியாயமான கேள்வி. 1954 சட்டம் முதல் குற்றத்துக்கு வைத்தது ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஓராண்டு வரை. இரண்டாண்டு சிறை, 10 லட்சம் அபராதம் என்று கூட்டி, நோய்ப் பட்டியலை 78 ஆக்கும் வரைவு 2020 பிப்ரவரியில் வெளியானது. வரைவாகவே தங்கிவிட்டது.

2019 நுகர்வோர் சட்டத்தின் 89-ஆம் பிரிவு முதல் குற்றத்துக்கே இரண்டாண்டுச் சிறை வரை போகிறது. அதில் ஒரு முடிச்சு: நீங்கள் நேராக நீதிமன்றம் போக முடியாது. மத்திய ஆணையமோ அது அதிகாரம் கொடுத்த அலுவலரோ புகார் தாக்கல் செய்தால்தான் வழக்கு. என் அனுபவத்தில் விற்பவர்கள் சிறையைவிட உரிமம் நிறுத்தப்படுவதற்கும், ஆன்லைன் கடையில் இருந்து பொருள் நீக்கப்படுவதற்கும்தான் பயப்படுகிறார்கள். ஆன்லைன் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. அவருக்கும் ஒரு நகல் போகட்டும்.

17. இது சித்த மருத்துவத்தை ஒழிக்கிற சட்டம்தானே? இங்கிலீஷ் மருந்துக் கம்பெனியை யாரும் கேக்கறதில்லையே?

சட்டத்தில் அப்படி ஒரு பாகுபாடு இல்லை. அலோபதி மாத்திரையை "சர்க்கரைக்கு இதைச் சாப்பிடுங்கள்" என்று நாளிதழில் போட்டாலும் அதே குற்றம். பதிவு பெற்ற மருத்துவர், அவர் சித்த மருத்துவரானாலும், தன் மருத்துவமனை வாசலில் இந்த நோய்க்குச் சிகிச்சை தருகிறேன் என்று பலகை வைக்க 14-ஆம் பிரிவு இடம் தருகிறது. நோயாளியை உட்கார வைத்து நாடி பார்த்து மருந்து கொடுக்கிற வைத்தியருக்கு இந்தச் சட்டத்தால் ஒரு குறையும் இல்லை. மாதம் ஒருமுறை ஊர் ஊராக லாட்ஜில் அறை போட்டு நோட்டீஸ் ஒட்டுகிறவர் கதை வேறு. அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். மாநில சித்த மருத்துவ மன்றத்தில் சரிபார்க்கலாம்.

18. யூடியூப்ல அந்த மருந்தைப் பத்தி உண்மையைச் சொன்னேன். இப்ப வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கு. வீடியோவை எடுத்துடட்டுமா?

உடனே நீக்கவும் வேண்டாம், உடனே பதில் பதிவு போடவும் வேண்டாம். நோட்டீஸ் என்பது வழக்கு அல்ல. நீங்கள் பேசியதை மறுபடி கேட்டு இரண்டாகப் பிரியுங்கள். "இந்த விளம்பரம் சர்க்கரையைக் குணப்படுத்தும் என்கிறது, 1954 சட்டம் அதைத் தடுக்கிறது" என்பது ஆவணத்தோடு நிற்கும் பேச்சு. "இவன் விஷம் விக்கிறான், கொலைகாரன்" என்பதற்கு ஆய்வக அறிக்கை வேண்டும். இரண்டாவது வகை இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு, வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள். 10-இல் சொன்ன ஆதாரங்களோடு அரும்பாக்கத்துக்கோ மருந்து ஆய்வாளருக்கோ இதுவரை புகார் கொடுக்கவில்லை என்றால் இன்றே கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பதில் நோட்டீஸில் அந்தப் புகார் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள்.